திக் திக் நிமிடங்களும் ரத்தான டிக்கெட்டும்

கடலூரிலிருந்து ஒரு வாசகி எட்டுப் பக்கங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, சாரத்தை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

அவருக்கு வயது 41. கணவர் 11 ஆண்டுகளாக ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக். ஆண்டுக்கு ஒருமுறை 40 நாள் விடுப்பில் வருவார். இந்த ஆண்டு (2025) ஆகஸ்டில் தன் தந்தையின் முதலாண்டுத் திதிக்கு வருவதாக இருந்தார், டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. ஆனால் ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்தது. அதன்பின் மூன்று வாரங்கள் வீட்டில் தொலைக்காட்சி காலையிலிருந்து இரவு வரை அணையவே இல்லை. ஜூலைக் கடைசியில் வாசகி போனில் அழுது அழுது கணவரின் டிக்கெட்டை ரத்து செய்ய வைத்தார். திதியைக் கொழுந்தன் கொடுத்தார். மாமியார் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

நவம்பர் 21 அன்று "துபாயில் விமானம் விழுந்து வெடித்தது" என்று திரையில் ஓடியதைப் பார்த்துவிட்டுக் கணவருக்கு 14 முறை அழைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை, வார விடுமுறை. அவர் போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் எழுந்து பேசும்வரை வாசகி பூஜை அறை வாசலில் உட்கார்ந்தபடியே இருந்தாராம். இப்போது பொங்கலுக்கு மறுபடி டிக்கெட் எடுத்திருக்கிறார் கணவர். "வரச் சொல்லவா, வேண்டாம் என்று சொல்லவா? தினமும் ஒரு விமானம் கோளாறாகிறதே, விமானிகளே வேண்டுமென்று செய்கிறார்களாமே, அகமதாபாத்தில் பிழைத்த ஒரே பயணி உட்கார்ந்திருந்த 11ஏ சீட் கிடைத்தால் பரவாயில்லையா, எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா, இந்தச் சேனல்களின் மேல் வழக்குப் போட முடியுமா?" இவை அவருடைய கேள்விகள்.

சகோதரி, உங்கள் கடிதத்தின் ஏழாம் பக்கத்தில், 12 வயது மகனின் படிப்பைப் பற்றிச் சொல்லும்போது நடுவில் ஒரே ஒரு வரி வருகிறது: "சுனாமியில் தேவனாம்பட்டினத்தில் என் தம்பி போய்விட்டான், அது பழைய கதை." நான் அந்த வரியிலிருந்து தொடங்குகிறேன்.

2005 ஜனவரியில், படிப்பு முடித்த புதிதில், கடலூரில் ஒரு கல்யாண மண்டபத்து முகாமில் தன்னார்வலராக இருந்தேன். ஒரு பெண்மணி தன் குழந்தையின் ரேஷன் கார்டு நகலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புகைப்படம் எல்லாம் தண்ணீரில் போய்விட்டது, பெயர் எழுதிய தாள் அது ஒன்றுதான். தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். நடந்ததைச் சொன்னார். மைக் வேலை செய்யவில்லை என்றார்கள், மறுபடி சொன்னார். வெளிச்சம் போதவில்லை, வெளியே வந்து சொல்லுங்கள் என்றார்கள். மூன்றாம் முறை அவர் கண்ணில் தண்ணீர் வரவில்லை, மனப்பாடச் செய்யுள் போலச் சொன்னார். கேமராக்காரர் முகத்தில் தெரிந்த ஏமாற்றத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அவர் கெட்டவர் அல்லர்; மதியம் எங்களோடு சேர்ந்து சாம்பார் சாத வாளி தூக்கினார். அவருடைய தொழிலுக்கு அழுகை தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

நீங்கள் அந்த மண்டபத்தில் இருந்தீர்களோ இல்லையோ, அந்த அலையை நேரில் பார்த்தவர். திடீரென்று, காரணமே இல்லாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வீட்டு ஆள் ஒருவர் இல்லாமல் போக முடியும் என்று உங்கள் உடம்புக்குத் தெரியும். அகமதாபாத் மருத்துவக் கல்லூரி விடுதிச் சுவரில் சிக்கிய விமான வாலைக் காட்டியபோது, பக்கத்து வீட்டுக்காரர் பார்த்ததும் நீங்கள் பார்த்ததும் ஒன்றல்ல. அவர் உச்சுக் கொட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார். உங்களுக்கு 20 வயது திரும்பிவிட்டது. ஆகவே பைத்தியமா என்ற கேள்விக்கு என் பதில்: இல்லை. ஆறாத புண்ணை மூன்று வாரம் ஒருவர் விடாமல் கிளறினால் என்ன ஆகுமோ, அதுதான் ஆகியிருக்கிறது.

இது என் ஊகம் மட்டுமல்ல. 2013 ஏப்ரலில் அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்த பிறகு உளவியலாளர்கள் ஓர் ஆய்வு நடத்தினார்கள். அடுத்த வாரத்தில் நாளுக்கு 6 மணி நேரமோ அதற்கு மேலோ அந்தச் செய்தியிலேயே மூழ்கிக் கிடந்தவர்களிடம், குண்டு வெடித்த இடத்தில் இருந்தவர்களைவிட அதிகமான மன அழுத்த அறிகுறிகள் காணப்பட்டன. இடத்தில் இருந்தவருக்கு அது ஒருமுறை நடந்தது. திரைமுன் இருந்தவருக்கு நாள் முழுவதும் நடந்துகொண்டே இருந்தது. அகமதாபாத்தில் அந்த விமானம் ஒருமுறைதான் விழுந்தது. உங்கள் கூடத்தில் எத்தனை முறை விழுந்தது என்று எண்ணியிருக்கிறீர்களா?

இன்னொன்று. 2024இல் பெஞ்சல் புயலின்போது நடந்ததை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தென்பெண்ணையில் வெள்ளம் வந்து, "மூழ்கியது கடலூர்" என்று சேனல்கள் காட்ட, ஷார்ஜாவிலிருந்து உங்கள் கணவர் பதறியடித்துக்கொண்டு அழைத்தார். நீங்கள் அப்போது காய்ந்த வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தீர்கள். "நம்ம தெருவில் ஒரு சொட்டு இல்லை, சும்மா இருங்கள்" என்று அதட்டினீர்கள். சேனல் பொய் சொல்லவில்லை. தாழ்வான பகுதிகளில் மக்கள் உண்மையிலேயே தவித்தார்கள். ஆனால் கேமரா தண்ணீர் இருந்த தெருவில் மட்டும் நின்றது, காய்ந்த தெருவுக்கு வரவில்லை. அன்று உங்கள் கணவர் பார்த்த கடலூர் எப்படியோ, அப்படிப்பட்டதுதான் இன்று நீங்கள் பார்க்கும் வானம்.

"தினமும் ஒரு விமானம்" என்ற கணக்கு

ஒரு பெரிய விபத்துக்குப் பின் சில மாதங்களுக்கு, முன்பு எவரும் கவனிக்காத சங்கதிகள் எல்லாம் செய்தியாகிவிடும். பறவை மோதியது, கதவு எச்சரிக்கை விளக்கு எரிந்தது, ஒரு பயணிக்கு நெஞ்சு வலி என்று விமானம் திரும்பியது. எல்லாவற்றுக்கும் ஒரே தலைப்பு: "நடுவானில் பரபரப்பு", "திக் திக் நிமிடங்கள்", "நூலிழையில் உயிர் தப்பிய பயணிகள்". ஓடுபாதையைத் தொடப்போன விமானம் மறுபடி மேலே எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறங்கினால், அது விமானிகளுக்குப் பயிற்சிக் காலத்திலேயே பழக்கப்படுத்தப்படும் சாதாரண வேலை. சந்தேகம் வந்தால் இறங்காதே என்பதுதான் அங்கே பாடம். நம் கடலூர் பஸ் டிரைவர் ஒருவர் பிரேக் சத்தம் சரியில்லை என்று வண்டியை ஓரம் கட்டினால் அவரைப் பாராட்டுவோம். விமானி அதையே செய்தால் பகீர் தகவல்.

நவம்பர் 21 அன்று துபாயில் விழுந்தது பயணிகள் விமானம் அல்ல. விமானக் கண்காட்சியில் சாகசம் காட்டிய இந்திய விமானப்படையின் தேஜஸ் போர் விமானம். ஒரு வீரர் உயிரிழந்தார், அது துயரம்தான். ஆனால் திரையின் அடியில் ஓடிய வரியில் "போர்" என்ற ஒரு சொல் இருந்திருந்தால் நீங்கள் 14 முறை அழைத்திருக்க மாட்டீர்கள். அந்தச் சொல் தவறிப்போனதா, தவிர்க்கப்பட்டதா என்பதை உங்கள் முடிவுக்கே விடுகிறேன்.

எண்களையும் சொல்லிவிடுகிறேன், அவை பயத்தைத் தீர்க்காது என்று தெரிந்தேதான். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் கணக்குப்படி 2024இல் உலகெங்கும் 4.06 கோடி விமானப் பயணங்கள் நடந்தன. உயிரிழப்பு நேர்ந்த விபத்துகள் 7, விமானத்துக்குள் இறந்தவர்கள் 244 பேர். இந்தியச் சாலைகளில் 2022இல் மட்டும் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் எத்தனை பேருக்குச் சேனல்கள் மூன்று வாரம் ஒதுக்கின? 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் அமெரிக்கர்கள் பலர் விமானத்துக்குப் பயந்து காரில் போனார்கள். அடுத்த ஓராண்டில் அதனால் மட்டும் சுமார் 1,500 பேர் சாலையில் கூடுதலாக இறந்திருக்கலாம் என்று ஜெர்மானிய உளவியலாளர் கெர்ட் கிகெரென்சர் கணக்கிட்டார். பயம் நம்மைப் பாதுகாப்பான பக்கம்தான் தள்ளும் என்று நிச்சயமில்லை.

செப்டம்பரில் நாத்தனார் கணவர் வந்தபோது, கைப்பேசிச் செயலியில் அவருடைய விமானம் அரபிக்கடலுக்கு மேல் "காணாமல் போனது" என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் செயலிகள் பெரும்பாலும் தரையில் இருக்கும் ஏற்பிகளை நம்பி ஓடுபவை. கரையிலிருந்து சில நூறு கிலோமீட்டர் தாண்டினால் சிக்னல் கிடைக்காது. விமானம் போய்க்கொண்டுதான் இருக்கும், படத்தில்தான் இருக்காது. தயவுசெய்து அந்தச் செயலியை நீக்கிவிடுங்கள்.

விமானிகள் மேல் போட்ட பழி

இங்கே நான் கொஞ்சம் நீளமாகப் பேசப்போகிறேன், மனநல ஆலோசனை என்ற என் தொழிலும் இதில் அடிபடுகிறது.

அகமதாபாத் விபத்தில் விமானத்தில் இருந்த 242 பேரில் 241 பேரும் தரையில் 19 பேரும் இறந்தார்கள். ஒரு மாதத்தில், ஜூலை 12 அன்று, விமான விபத்துப் புலனாய்வுப் பணியகம் 15 பக்க முதற்கட்ட அறிக்கையை வெளியிட்டது. புறப்பட்ட சில நொடிகளில் இரண்டு இன்ஜின்களுக்கும் எரிபொருள் போகும் சுவிட்சுகள் ஒரு நொடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்த நிலைக்குப் போயின. ஏன் நிறுத்தினாய் என்று ஒரு விமானி கேட்க, நான் செய்யவில்லை என்று மற்றவர் சொன்னார். சுவிட்சுகள் திரும்பப் பழைய நிலைக்கு வந்தன. கேட்டது யார், பதில் சொன்னது யார் என்று அறிக்கை சொல்லவில்லை. காரணம் இன்னது என்றும் சொல்லவில்லை.

அடுத்த வாரத்துக்குள் வெளிநாட்டுப் பத்திரிகைகள் மூத்த விமானியின் பக்கம் விரல் நீட்டின. நம் சேனல்கள் அதையும் தாண்டி அவருடைய குடும்ப நிலை, மனநிலை என்று "நிபுணர்"களை உட்காரவைத்துப் பேசின. புலனாய்வுப் பணியகம் அவசரப்பட வேண்டாம் என்று வேண்டுகோள் விடுத்தது. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் தலைவரே அந்தச் செய்திகள் முதிராதவை, ஊகங்கள் என்றார். அந்த விமானியின் 91 வயதுத் தந்தை உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியதாயிற்று. மகன்மேல் பழி விழுந்துவிட்டதே என்ற பாரத்தை நீங்கள் சுமக்க வேண்டாம் என்று நவம்பரில் நீதிமன்றம் அவரிடம் சொன்னது. பிள்ளையைப் பறிகொடுத்த 91 வயதுக்காரருக்கு நீதிமன்றம் ஆறுதல் சொல்ல வேண்டிய நிலைக்கு அவரைக் கொண்டுவந்தது யார்?

விமானி வேண்டுமென்றே விழவைத்தது எங்கும் நடந்ததில்லை என்று உங்களைச் சமாதானப்படுத்த மாட்டேன். 2015 மார்ச்சில் ஜெர்மன்விங்ஸ் விமானம் ஆல்ப்ஸ் மலையில் மோதி 150 பேர் இறந்தது அப்படித்தான். அது விசாரணையில் நிறுவப்பட்டது. அகமதாபாத்தில் எதுவும் நிறுவப்படவில்லை. இதை எழுதும் 2025 டிசம்பர் வரை இறுதி அறிக்கை வரவில்லை. விமான விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் இன்னொரு விபத்தைத் தடுப்பது, பழி சுமத்துவது அதன் வேலையே அல்ல என்று உலக நாடுகளுக்குப் பொதுவான விதியே இருக்கிறது. அதற்கு மாதக்கணக்கில் ஆகும். சேனலுக்கு அடுத்த விளம்பர இடைவேளை வரைதான் பொறுமை. 2014இல் மலேசிய விமானம் எம்.எச். 370 மறைந்தபோது, அதைக் கருந்துளை விழுங்கியிருக்குமா என்றுகூட ஓர் அமெரிக்கச் சேனலில் கேள்வி எழுந்தது. தகவல் இல்லாத நேரத்தை நிரப்ப வேண்டுமே!

மனநல ஆலோசகராக எனக்கு இதில் வேறொரு கோபம் உண்டு. "மன அழுத்தத்தில் இருந்த விமானி" என்று ஒரு நாள் தலைப்புப் போட்டால், தூக்கம் வராமல் தவிக்கும் நூறு விமானிகள் மருத்துவரிடம் போகத் தயங்குவார்கள். உரிமம் போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. மறைப்பவரைவிட வெளியே சொல்லி உதவி பெற்றவரின் விமானத்தில் ஏறவே நான் விரும்புவேன்.

11ஏ

வேண்டாம், அதற்குக் கூடுதல் பணம் கட்டாதீர்கள். விமானத்தின் ரகத்துக்கு ரகம் வரிசைகள் மாறும். ஒன்றில் அவசரக் கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் 11ஏ இன்னொன்றில் இறக்கை மேல் இருக்கும். அந்த எண்ணை ராசி எண்ணாக்கியதும் சேனல்கள்தான்.

புகார் கொடுக்க முடியுமா?

முடியும். நான் வழக்கறிஞர் அல்ல என்பதால் இந்தப் பகுதியை ஒரு வழக்கறிஞர் நண்பரிடம் காட்டிவிட்டே எழுதுகிறேன். நீங்கள் நினைப்பதுபோல் இதற்குக் காவல் நிலையமோ நீதிமன்றமோ போக வேண்டாம், கட்டணமும் இல்லை. கேபிள் தொலைக்காட்சி விதிகளில் நிகழ்ச்சி நெறிமுறை என்று ஒன்று இருக்கிறது. வேண்டுமென்றே பொய்யான, அரைகுறை உண்மைகளைக் கொண்ட நிகழ்ச்சிகளையும், பிள்ளைகள் பார்க்கும் நேரத்தில் அவர்களுக்குப் பொருந்தாதவற்றையும் அது தடுக்கிறது. 2021இல் வந்த திருத்தத்தின்படி முதலில் அந்தச் சேனலுக்கே எழுத வேண்டும். அவர்கள் 15 நாளில் பதில் சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் அந்தச் சேனல் உறுப்பினராக இருக்கும் சுயக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் மேலே மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் இருக்கிறது.

"எல்லாச் சேனலும் மோசம்" என்று எழுதினால் குப்பைக்குப் போகும். சேனல் பெயர், தேதி, நேரம், திரையில் ஓடிய சரியான வாசகம், அதில் என்ன தவறு என்று அரைப் பக்கம் போதும். நவம்பர் 21 வரி நல்ல உதாரணம். ஒரு புகாரால் சேனல் மூடப்படாது. திருத்தமோ வருத்தமோ வந்தாலே பெரிது. அந்தப் பதிலுக்காகக் காத்திருந்து தூக்கம் கெடும் என்றால் விட்டுவிடுங்கள். கோபத்துக்கு ஒரு வேலை கொடுத்த நிம்மதி கிடைக்கும் என்றால் எழுதுங்கள்.

மகன் கைப்பேசியில் காட்டினான் என்றீர்களே, விமானத்துக்குள் ஒருவர் சிரித்தபடி படம் எடுக்க, திடீரென்று தீ சூழும் காட்சி. உங்கள் விவரிப்பை வைத்துப் பார்த்தால் அது 2023 ஜனவரியில் நேபாளத்தின் பொக்காராவில் நடந்த விபத்து. அகமதாபாத் என்று பெயர் மாற்றிப் பரப்பினார்கள். செயற்கை நுண்ணறிவால் செய்த படங்களும் அந்த நாட்களில் உலா வந்தன. அவனிடமிருந்து கைப்பேசியைப் பிடுங்காதீர்கள்; பக்கத்தில் உட்கார்ந்து, "இதைப் பார்த்தபோது உனக்கு என்ன தோன்றியது?" என்று கேளுங்கள். அப்பா வரும் விமானம் பற்றி அவனுக்கும் பயம் இருக்கலாம், வேடிக்கை காட்டுவதுபோல் அதைக் காட்டியிருக்கலாம்.

பொங்கலுக்கு

வரச் சொல்லுங்கள் என்பது என் ஆலோசனை. முடிவு உங்கள் இருவருடையது. வராவிட்டால் என்ன இழப்பு என்பதை ஆகஸ்டில் பார்த்துவிட்டீர்கள். மாமியாரின் மௌனம் அந்தக் கணக்கில் ஒரு பங்குதான். தந்தைக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க முடியாத வருத்தம் உங்கள் கணவருக்குள்ளும் இருக்கும், உங்களிடம் சொல்லாமல் இருக்கிறார். கப்பலில் வர முடியாதா என்று மாமியார் கேட்டாராம். அவர் குத்திக்காட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ அந்த அம்மாளும் பயந்துதான் கேட்டிருக்கிறார் என்று தோன்றுகிறது. அவரிடம் போய், "எனக்கும் பயமாக இருந்தது அத்தை, அதனால்தான் தடுத்தேன்" என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

பயணத்தில் நீங்கள் உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய பகுதி ஒன்று இருக்கிறது. நள்ளிரவுக்குப் பின் மீனம்பாக்கத்தில் இறங்கி, கண் சிவந்த டிரைவரின் காரில் திண்டிவனம் வழியாக 180 கிலோமீட்டர் வருவது. விடியும்வரை விமான நிலையத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டுப் புறப்படச் சொல்லுங்கள். இறங்கியதும் ஒரு வரி, வண்டி ஏறியதும் ஒரு வரி செய்தி அனுப்பச் சொல்லுங்கள். நடுவில் அழைக்க மாட்டேன் என்று நீங்களும் வாக்குக் கொடுங்கள்.

அதற்குமுன் உங்களுக்கு இரண்டு வேலைகள். செய்தியைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுப் படியுங்கள். காலை நாளிதழில் பத்து நிமிடம் போதும். அச்சில் விமானம் ஒருமுறைதான் விழும், பின்னணி இசையும் இருக்காது. அடுத்தது, ஒரு நாள் புதுச்சேரிக்கு வந்து லாஸ்பேட்டை விமான நிலையத்துக்கு வெளியே நில்லுங்கள். 2024 டிசம்பரிலிருந்து பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் மறுபடி சிறிய விமானங்கள் போய் வருகின்றன. ஒன்று இறங்குவதையும், ஆட்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்குப் பேரம் பேசுவதையும் பாருங்கள். ஆறு மாதமாக எந்த விமானமும் ஒழுங்காக இறங்குவதை நீங்கள் பார்க்கவில்லையே.

நெஞ்சு படபடப்பு, தூக்கமின்மை, அலைச் சத்தம் காதில் கேட்பது ஆகியவை இத்தனைக்கும் பிறகும் குறையவில்லை என்றால் நேரில் ஒரு மருத்துவரைப் பாருங்கள். இந்த விமானப் பயம் ஆறு மாதத்தைத் தொட்டுவிட்டது. கூடவே சுனாமியும் இருப்பதால், கடிதத்தில் தீர்த்துவிட நான் முயலக் கூடாது. கடலூர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ போகலாம். நடு இரவில் தாங்க முடியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே, இலவசமாகப் பேசலாம்.

இந்த மாதம் 26ஆம் தேதி தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். போய் வாருங்கள். ஊர்வலமும் கேமராக்களும் வருவதற்குமுன், விடியும்போதே பால் ஊற்றிவிட்டு வந்துவிடுங்கள். யாராவது மைக்கை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. மகனையும் கூட்டிப்போங்கள். தாய்மாமனைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும் என்று உங்கள் எட்டுப் பக்கத்தில் எங்கும் இல்லை.